‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதாதீர்கள்

என்னிடம் களப்பயிற்சிக்கு வரும் பொது சுகாதார முதுநிலை மாணவர்களின் ஆய்வேட்டில் ஒரு வாக்கியத்தை மட்டும் நான் விட்டுவைப்பதில்லை. “மக்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை.” ரத்தசோகை பற்றிய ஆய்வோ, டெங்கு பற்றிய ஆய்வோ, காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்களைப் பற்றிய ஆய்வோ, எதுவானாலும் கடைசி அத்தியாயத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த பத்தியிலேயே பரிந்துரைகள்: துண்டுப் பிரசுரம், பள்ளி மாணவர் பேரணி, சுவர் விளம்பரம். வெயிலில் வீடு வீடாக அலைந்து, கணினியில் அட்டவணை அட்டவணையாகப் போட்டு, கடைசியில் இங்கே வந்து சேர்வதற்கு எதற்கு இரண்டு வருடப் படிப்பு?

அந்த வாக்கியத்தை எழுதிவிட்டால் அதற்கு மேல் எதையும் கேட்க வேண்டியதில்லை. கூலி எவ்வளவு, தண்ணீர் எப்போது வருகிறது, வீடு சொந்தமா வாடகையா, வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறது என்று எதையும் தோண்ட வேண்டாம். பழி நோயாளியின் தலையில் இறங்கிவிடும், ஆய்வும் முடிந்துவிடும். அந்த வாக்கியத்தை நான் அடித்துவிடுவது அதனால்தான்.

நான் படித்தது சுகாதாரக் கல்வி. விழிப்புணர்வு ஊட்டுவதுதான் என் வேலை என்று சொல்லித்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். படச்சுருளும் ஒலிபெருக்கியும் ஏற்றிய ஜீப்பில் ஆத்தூர், ரெட்டியார்சத்திரம், நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டாரங்களில் நான் போகாத ஊர் குறைவு. பேச வேண்டிய இடத்தில் பேசத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தாய்ப்பால் பற்றியும் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றியும் பேசியது வீண்போகவில்லை. ஆனால் பேச்சு எங்கே நின்றுவிடுகிறது என்பதை அறிவதுதான் இந்தப் படிப்பின் சாரம். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில், சின்னாளப்பட்டியை ஒட்டிய காந்திகிராமத்தில் அதை எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த இடத்தின் கதை இந்தப் படிப்புக்கு வெளியே இல்லை. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். குடும்பத்து மகள். சிறு வயதில் மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்து, அதன்பின் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். பிறகு ஜி. ராமச்சந்திரனைச் சாதி கடந்து மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை இரண்டே படுக்கையோடு ஆரம்பித்த பிரசவ விடுதி. பிரசவம் பார்க்கத் தொடங்கிய கையோடு நெசவு, ஆதாரப் பள்ளி, சேவிகைப் பயிற்சி என்று எல்லாம் ஒரே வளாகத்தில் வந்தன. அதைச் ‘சமூகக் காரணிகள்’ என்று அன்று யாரும் அழைக்கவில்லை. தாய் பிழைக்க வேண்டுமானால் அவள் கையில் காசும் எழுத்தும் இருக்க வேண்டும் என்பதை ஒரு மருத்துவர் தன் வேலையிலேயே கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1964-இல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியுடன் கிராமிய சுகாதார நிறுவனம் உருவானது. அந்த வட்டாரத்தில் குடும்பநலப் பணி எப்படி நடந்தது என்று அந்த நிறுவனத்தைச் சேர்ந்த பிஷாரட்டியும் உடன் பணியாற்றியவர்களும் 1972-இல் ‘ஆத்தூர் அனுபவம்’ என்று ஒரு நூலே வெளியிட்டார்கள். நான் படித்த காலத்தில் அதன் பிரதி நூலகத்தில் அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் களப்பயிற்சிக் கிராமங்களில் அந்தப் பழைய திட்டத்தை நினைவு வைத்திருந்த பாட்டிகள் அப்போதும் இருந்தார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

வகுப்பில் கொடுத்த கட்டுரைகளில் ஒன்று இன்றும் என் மேசையில் இருக்கிறது. தேவவர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்துத் தும்கூர் மாவட்டத்தில் செய்த ஆய்வு அது. 1963-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. கிராமத்தான் இருமலைப் பொருட்படுத்துவதில்லை, அவனுக்கு நோய் பற்றித் தெரியாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். இவர்கள் காசநோய் கண்டறியப்பட்டவர்களின் வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். பெரும்பாலோருக்குத் தங்களுக்கு ஏதோ செய்கிறது என்பது தெரிந்திருந்தது, கவலையும் இருந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் சிகிச்சை தேடிப் போயும் இருந்தார்கள். போன இடத்தில் கிடைத்தது என்னவோ ஒரு பாட்டில் இருமல் மருந்துதான். விழிப்பு இல்லாமல் போனது நோயாளியிடமா, மருத்துவ நிலையத்திலா? பானர்ஜி பிற்பாடு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவ மையத்தை உருவாக்கினார். இந்தியாவில் இந்தத் துறையை முதுநிலைப் படிப்பாக எடுத்தவர்கள் பலருக்கும் அதுதான் தாய்வீடு.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

மாணவர்கள் வரும்போது கையில் குப்புசாமி அளவுகோலோடு வருவார்கள். 1976-இல் பி. குப்புசாமி நகர்ப்புறக் குடும்பங்களுக்காக வகுத்த சமூகப் பொருளாதார அளவுகோல் அது. குடும்பத் தலைவரின் கல்விக்கு 7 வரை மதிப்பெண், தொழிலுக்கு 10 வரை, குடும்ப வருமானத்துக்கு 12 வரை, மொத்தம் 29. விலைவாசிக்கு ஏற்ப வருமான எல்லையை அவ்வப்போது திருத்திக்கொண்டு வருகிறார்கள். நாட்டின் சமூக மருத்துவ ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இந்த ஏணியில் ஏறித்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போவோம்.

கதவைத் திறப்பது மாமியார். குடும்பத் தலைவர் யார் என்றால் மகன் பெயரைச் சொல்வார். மகன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிக்குப் போயிருக்கிறான், வடக்கே எங்கேயோ. வந்து மாதக்கணக்காகிறது. எப்போது வருவான், எவ்வளவு கொண்டுவருவான் என்பது அவனுக்கே தெரியாது. வீட்டை நடத்துவது நூல் மில்லுக்குப் போகும் மருமகள். அளவுகோல் அவளைக் கேட்பதில்லை. மகனின் எட்டாம் வகுப்புக்கும் அவன் தொழிலுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு மாணவன் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவான். அந்த மருமகளுக்குத்தான் ரத்தம் குறைவு.

இந்த இடத்தில் நான் மாணவர்களை நிறுத்துவேன். அளவுகோலை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் ஒரு வாரத்தை மணிவாரியாக எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். கேள்வித்தாளில் ‘இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆம் / இல்லை’ என்று இருக்கும். அவள் இல்லை என்பாள், உடனே ‘அறிவு குறைவு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் விழும். மணிவாரியாக எழுதிப் பார்த்தால் வேறொன்று தெரியும். மில்லில் மூன்று ஷிஃப்ட்: காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, இரவு பத்து முதல் ஆறு. ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். காலை ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே மில் வேன் தெருமுனைக்கு வந்துவிடும். வெறும் வயிற்றில் ஒரு டீ, இடைவேளையில் இன்னொரு டீயும் வடையும், சோறு என்பது திரும்பி வந்த பிறகு. மாத்திரை அட்டையைக் கொடுத்த செவிலியர் ‘ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு’ என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இரவு ஷிஃப்ட் வாரத்தில் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு எது? மில்லுக்குக் கிளம்பும் முன் அள்ளிப் போட்டுக்கொள்வதா, விடிந்து வந்து சமைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு சாப்பிடுவதா?

அப்படி ஒரு பெண் எங்களிடம் சொன்னாள்: “மாத்திரையப் போட்டா வயித்தப் பெரட்டுதுக்கா. அதோட போயி மெஷின்ல நிக்க முடியுமா? சைடு பாக்குறவ உக்காரவே முடியாது.” அவளுக்கு மாத்திரை எதற்கு என்று தெரியும். ரத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பது எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும், தலைசுற்றுவது அவளுக்குத்தானே. டீயோடு சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பது மட்டும் தெரியாது, அதைச் சொன்னோம், கேட்டுக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க வேண்டியதாக இருந்தது அந்த ஒன்றுதான். மீதி எல்லாம் ஷிஃப்ட்டிலும், உட்காரக் கிடைக்காத அந்த எட்டு மணி நேரத்திலும், மில் சாப்பாட்டுத் தட்டில் என்ன விழுகிறது என்பதிலும் இருந்தது. ரத்தசோகை ஆய்வு செய்பவர் மில் கேன்டீன் சாம்பாரில் பருப்பு தெரிகிறதா என்று பார்க்காமல் வந்தால் ஆய்வு முடியவில்லை என்றுதான் சொல்வேன்.

அடுத்தது தண்ணீர். இதில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் திண்டுக்கல்லின் உடம்பு முழுக்கத் தண்ணீரில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போனது என்று வெளியூரில் சொல்வார்கள். ஊருக்குள் பல தலைமுறைக்குச் சோறு போட்டது தோல். பேகம்பூர்ப் பக்கம், வத்தலக்குண்டு சாலை, பொன்மாந்துறைப் பக்கம் எல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகள். ஒருகாலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு மூட்டை மூட்டையாகப் போகும். அந்த உப்பும் குரோமியமும் கழிவோடு நிலத்தில் இறங்கின. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அது ஆம்பூர் வாணியம்பாடியோடு நிற்கவில்லை. அன்று ‘திண்டுக்கல் அண்ணா’ என்று பெயரிருந்த எங்கள் மாவட்டத் தோல் ஷாப்புகளும் அந்தத் தீர்ப்புக்குள் வந்தன. சுற்றுச்சூழலைக் கெடுப்பவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளில் அது முக்கியமானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, நிலைமை கொஞ்சம் மாறியது. ஆனால் ஒருமுறை உப்பேறிய கிணறு அவ்வளவு சீக்கிரம் இனிப்பதில்லை.

கிணறு போனால் குழாய்தான் கதி. ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் வைகைப் பேரணையிலிருந்தும் காவிரியிலிருந்தும் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. வருகிறது என்றால் தினமும் இல்லை. ஆத்தூர் மலையில் மழை பொய்த்த ஆண்டுகளில் குழாயில் தண்ணீரைப் பார்ப்பதே திருவிழா மாதிரி. நல்ல காலத்திலும் பல நாளுக்கு ஒருமுறைதான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ட்ரம், குடம், சிமென்ட் தொட்டி, கிடைத்த பாத்திரமெல்லாம். இந்தப் பாத்திரங்களில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் ஒரு மாணவி டெங்கு பற்றி ஆய்வு செய்ய வந்தாள். கெட்டிக்காரி. ஒரு பகுதியில் பாத்திரம் பாத்திரமாக டார்ச் அடித்துப் பார்த்து, எந்த வீட்டில் புழு இருக்கிறது, எந்த ட்ரம்முக்கு மூடி இல்லை என்றெல்லாம் குறித்துக்கொண்டு வந்தாள். அவள் எழுதிய முதல் முடிவு: தண்ணீரை மூடி வைப்பதில் மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். நான் அவளைத் தண்ணீர் வரும் நாளில் அந்தக் காம்பவுண்டு வீடுகளில் போய் உட்காரச் சொன்னேன்.

காம்பவுண்டு வீடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே வாசல், உள்ளே வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய், கடைசியில் பொதுக் கழிப்பறை. தண்ணீர் திறப்பது சில நாள் அதிகாலையில், சில நாள் நள்ளிரவுக்குப் பிறகு. வந்தால் கொஞ்ச நேரம்தான். குழாய் பீச்சத் தொடங்கியதும் ஒரு அக்கா ஹோஸைச் சொருகுவார், ட்ரம் ட்ரம்மாக அது மாறும். ஒருவர் ட்ரம் நிறைவதற்குள் அடுத்தவர் குரல் உயரும். அந்த அவசரத்தில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுவது யாருக்கு முடியும்? அடியில் மிச்சமிருக்கும் தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீர் நிரம்பும். இங்கேதான் கொசுவின் கணக்கு வருகிறது. ஏடிஸ் முட்டை தண்ணீருக்குள் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ட்ரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிக்கும். அதிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அடுத்த தண்ணீர் வருவதற்கும் ஏறத்தாழ அதே காலம். எங்கள் குழாயின் முறையும் கொசுவின் பிறப்பும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயிருக்கின்றன. ‘வாரம் ஒருநாள் உலர்நாள், எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்’ என்று நாம் ஒலிபெருக்கியில் சொல்வதை அந்த அக்கா எந்த முகத்தோடு கேட்பார்?

மூடி விஷயத்தையும் அந்த மாணவி அங்கேதான் பார்த்தாள். ட்ரம்கள் நிற்பது நடைபாதையில். பழைய புடவைத் துணியை வாயில் போட்டு ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தார்கள். மூட வேண்டும் என்று தெரியாதவர் துணி கட்டுவாரா? துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நனைந்த துணி கொசுவுக்கு இன்னும் வசதி. நெகிழி மூடி விற்கிறது, ஆனால் அந்த ட்ரம்கள் ரசாயனம் வந்த பழைய ட்ரம்கள், வாய் அளவு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. குழாய் அருகே ஒரு தரைத்தொட்டி கட்டிப் பூட்டு மூடி போட்டால் எல்லாம் தீரும். அதை வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும். அவர் இருப்பது வேறு தெருவில், டெங்கு வருவது இங்கே. குடியிருப்பவர்கள் கேட்டால் அடுத்த மாதம் வாடகை ஏறும்.

அந்த மாணவி தன் தரவை மறுபடி பிரித்துப் பார்த்தாள். ட்ரம்மைத் தேய்த்துக் கழுவியிருந்த வீடுகளில் என்ன இருக்கிறது என்று தேடினாள். படிப்பு, சாதி, வருமானம் என்று எதைப் போட்டுப் பார்த்தாலும் தெளிவாக எதுவும் பிடிபடவில்லை. திரும்பப் போய் விசாரித்தபோது, அந்த வீடுகளில் பலவற்றில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. வால்வு திறப்பவரின் செல்போன் எண் வைத்திருப்பவர் வீடு, அவருக்குச் சொந்தக்காரர் வீடு, அவர் டீ குடிக்கும் கடைக்காரர் வீடு. முதல் நாள் சாயங்காலமே அடித்தண்ணீரில் துணி துவைத்துவிட்டு ட்ரம்மைக் கவிழ்த்துத் தேய்த்து வைத்துவிடுகிறார்கள். நாளை தண்ணீர் உறுதி என்றால்தான் இன்றைய தண்ணீரைக் கொட்ட மனம் வரும். ‘கல்வி’ என்றும் ‘வருமானம்’ என்றும் பத்து வகை மாறிகளைக் கேள்வித்தாளில் வைத்திருந்தோம், ‘தண்ணீர் வரும் நாள் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?’ என்ற கேள்வி அதில் இல்லை. அவள் அதைச் சேர்த்தாள். என் பார்வையில் அந்த ஆய்வேட்டின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

சமூகக் காரணி என்று நாம் சொல்வது இதைத்தான். அது கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் பெயர், வயது, மதம், சாதி என்று நிரப்பும் கட்டங்களில் இல்லை. நோய் ஒருவர் வீட்டுக்குள் வந்துசேரும் வழியில் இருக்கிறது. தோலுக்குப் போட்ட உப்பு கிணற்றைக் கெடுத்தது, கெட்ட கிணறு ட்ரம்மைக் கொண்டுவந்தது, ட்ரம் கொசுவை வளர்த்தது. இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் கை வைக்க முடியும் என்று கேட்கப் பழக்குவதுதான் முதுநிலைப் படிப்பின் வேலை.

காசநோயில் வேறொரு வகைச் சங்கிலி. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த ஒருவர். சளிப் பரிசோதனையில் கிருமி இருந்தது. மருந்து தொடங்கியாயிற்று. கொடுத்த முகவரியில் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. பதிவில் ‘தவறான முகவரி, ஒத்துழைப்பு இல்லை’ என்று ஏறிவிட்டது. ஆனால் மனிதர் மருந்து வாங்க மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஒத்துழைக்காதவர் ஏன் வருகிறார்? என்னிடம் பயின்ற ஒரு மாணவர் அவரோடு டீக்கடையில் நின்று, அன்று முகவரிப் பேச்சைத் தொடாமல், அடுத்த முறையும் தொடாமல், மெல்லப் பழகினார். பிறகு அவரே சொன்னார்: “அது எங்க அக்கா வீட்டு அட்ரஸ் தம்பி. நீங்க பாட்டுக்கு எங்க காம்பவுண்டுக்குள்ள வந்துட்டா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிரும். ஒரே கக்கூஸ் அத்தன குடும்பத்துக்கும். காலி பண்ணச் சொல்லிருவாரு.” பிறகு அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. அதே ஷாப்பில் முன்பு இந்த நோய் வந்து முழுதாகக் குணமான ஒருவர் மருந்துக்கும் விசாரிப்புக்கும் பொறுப்பேற்றார். குடும்பத்தாருக்கான பரிசோதனை அக்கா வீட்டில் வைத்து நடந்தது.

இந்த இடத்தில் கெட்டிக்கார மாணவர் யாராவது கட்டாயம் கேட்பார்: காசநோயில் வீடும் வறுமையும் முக்கியம் என்கிறீர்கள், சென்னை ஆய்வு அதற்கு நேர்மாறாக அல்லவா சொன்னது என்று. நல்ல கேள்விதான். 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. நெரிசலும் வறுமையும் மிகுந்த வீடுகளில் வைத்தே மருந்து கொடுக்கப்பட்டவர்களையும், நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டு 1959-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தன. உலகெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு நம் சென்னை ஒரு காரணம். அப்படியானால் வீடும் சாப்பாடும் முக்கியமில்லையா? நான் சொல்லும் பதில்: அந்த நோயாளிகளின் வீட்டுக்குச் செவிலியரும் சமூகப் பணியாளரும் போய்க்கொண்டே இருந்தார்கள், மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து நிச்சயமாகக் கைக்கு வந்து சேர்ந்தால் ஏழை வீட்டிலும் நோய் குணமாகும் என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது. நோய் யாருக்கு வருகிறது என்பது வேறு கேள்வி. அதற்கு ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இருக்கிறது. காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். கூடுதல் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்தன என்றால் அதைவிடப் பெரிய சமூக மருத்துவப் பாடம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும் நோயாளியின் எடையைப் பார்க்கிறார்கள், கால் வீக்கம் பார்க்கிறார்கள், தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமானவரை உடனே சேர்த்துச் சிகிச்சை தருகிறார்கள். பசியை மருத்துவக் குறிப்பேட்டுக்குள் கொண்டுவந்த வேலை அது, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. கேள்வித்தாளில் சாதி ஒரு கட்டம், வகுப்பின் சுருக்கெழுத்தைப் போட்டுவிட்டால் முடிந்தது. களத்தில் அது தூரமாக வரும். ஒரு கிராமத்தில் துணை சுகாதார நிலையம் ஊருக்குள் இருந்தது, காலனி கிழக்கே. வரைபடத்தில் அளந்தால் நடக்கிற தூரம்தான். ஆனால் காலனிப் பெண்கள் கைக்குழந்தையோடு கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் வருவார்கள். நேர்வழி கோயில் தெரு வழியாகப் போகிறது. தடுக்க யாரும் நிற்பதில்லை, பலகையும் இல்லை. “அந்தப் பக்கம் போனா எதாச்சும் பேச்சு வரும், எதுக்கு?” என்றார் ஒரு பெண், அவ்வளவுதான் காரணம். மாணவர் ‘தூரம்: ஒரு கிலோமீட்டருக்குள்’ என்று எழுதியிருந்தார். தூரத்தை நடக்கிறவரின் காலில் அளக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். காலனிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறியதற்குக் காரணம் அந்தக் கண்மாய்க் கரை வெயிலில் இருந்தது. அதற்குப் பிறகு கிராம சுகாதார செவிலியர் புதன்கிழமைத் தடுப்பூசியைக் காலனி அங்கன்வாடியிலும் வைக்கத் தொடங்கினார். அது ஒரு நல்ல செவிலியரின் முடிவு. கோயில் தெருவின் கேள்வி அப்படியே இருக்கிறது, அதை எந்த ஊசியும் தீர்க்காது.

கிராமத்து வரைபடத்தை நாங்கள் மக்களையே வரையச் சொல்வோம், மந்தையில் கோலமாவால். பங்கேற்பு முறை என்று தொண்ணூறுகளில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய உத்தி. ஆண்கள் வரைந்தால் கோயில், பஸ் நிறுத்தம், டீக்கடை, பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் பெரிதாக வரும். பெண்களைத் தனியே வேறொரு வாசலில் வரையச் சொன்னால் குழாய்கள் எத்தனை, எதில் தண்ணீர் வராது, விறகு எங்கே, வெளிக்குப் போகும் கருவேலங்காடு எங்கே, அங்கே போகும் வழியில் எந்த இடத்தில் பயம் என்பதெல்லாம் வரும். ஒரே ஊர்தான். இரண்டாவது வரைபடத்தைப் பார்க்காமல் சிறுநீர்த் தொற்று பற்றி ஆய்வு எழுதுவது வீண் வேலை. பெண்கள் ஏன் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அதில் இருக்கிறது.

அரசுத் திட்டம் காரணத்தின் மேலேயே கை வைத்த உதாரணமும் நம்மிடம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006-இல் 6,000 ஆகி, பின்னர் 12,000, 18,000 என்று உயர்ந்தது. கர்ப்பிணிக்கு ‘ஓய்வெடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்று அறிவுரை சொல்வதற்கும், ஓய்வெடுத்தால் போகும் கூலியை ஈடுகட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் திட்டம் புரிந்துகொண்டது. பணம் உரிய மாதத்தில் வந்து சேர்கிறதா, யார் கணக்கில் ஏறி யார் கையால் எடுக்கப்படுகிறது என்பதை ஆராய மாணவர்கள் போதுமான அளவு முன்வருவதில்லை என்பது என் வருத்தம். சுவரொட்டி எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று எண்ணுவதைவிட அது பயனுள்ள ஆய்வு.

பயிற்சியின் கடைசியில் முடிவுகளை அந்தத் தெருவிலேயே திரும்ப வைக்க வேண்டும் என்பது என் கட்டாயம். டெங்கு ஆய்வு செய்த மாணவி தன் அட்டவணைகளைச் சார்ட் தாளில் பெரிதாக எழுதி அந்தக் காம்பவுண்டு வாசலில் வைத்தாள். சாயங்காலம், பெண்கள் பூக் கட்டிக்கொண்டே கேட்டார்கள். ஒரு அம்மா எழுந்து வந்து சார்ட்டைக் காட்டி, “எல்லாஞ் சரித்தான் கண்ணு. தண்ணி வர்ற நாளு தெரிஞ்சாலும், வேலைக்குப் போயிட்டா யாரு பிடிக்கிறது? அத எங்க எழுதிருக்க?” என்றார். எழுதியிருக்கவில்லை. தண்ணீருக்காக எத்தனை நாள் கூலி போகிறது என்ற கேள்வி அன்று இரவே கேள்வித்தாளில் ஏறியது. முன்னறிவிப்பு ஒரு நாளைக்கு முந்தியே வேண்டும், தண்ணீர் விடும் நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவர வேண்டும், காம்பவுண்டு வீடுகளில் மூடியுள்ள தொட்டி கட்டுவது வீட்டுக்காரரின் பொறுப்பாக வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை அந்தப் பெண்களே சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி மனுவாகக் கொடுத்தார்கள்.

இந்த வருடம் வந்திருக்கும் மாணவர்கள் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும் பெண்களின் கர்ப்பகாலக் கவனிப்பை எடுத்திருக்கிறார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும், அதனால் வேலை இருட்டோடு தொடங்கிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள் செவ்வாய். பூ விலை ஏறும் முகூர்த்த நாள்களும் அந்தச் செவ்வாய்களும் எங்கெங்கே மோதுகின்றன என்று முதலில் ஒரு வருடக் காலண்டரில் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தில் அதிகாலையில் போய் நிற்க இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். கேள்வித்தாள் அதற்குப் பிறகுதான் தயாராகும்.